காரமும் அறமும்

உயிர்கள் அனைத்தும் வலியினின்று விலகி வாழவே முயல்கின்றன. சுடுமணலில் விழுந்த புழு நிழல் தேடி நெளிகின்றது. முள் தைத்த காலை ஊன்றாமல் நாய் நடக்கின்றது. கைக்குழந்தை கசப்பு மருந்தைத் துப்பிவிடுகின்றது. மாந்தன் ஒருவனே தன் நாவைச் சுடும் ஒரு காயை விலைகொடுத்து வாங்கி, அரைத்துக் குழம்பில் இட்டு, கண்ணில் நீரும் நெற்றியில் வியர்வையும் பெருக உண்டு, 'அருமை' என்று கூறி மறுமுறையும் கேட்கின்றான்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் இஃது அன்றாடக் காட்சி. பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்கு மாற்றாக 1982ஆம் ஆண்டில் எழுந்து, இன்று தேக்கா நிலையம் என வழங்கும் கட்டடத்தின் ஈரச்சந்தையில் பச்சை மிளகாயும், சிவந்த நீள் மிளகாயும், மலாய் மக்கள் 'சிலி பாடி' என்றழைக்கும் சின்னஞ்சிறு மிளகாயும் குவிந்து கிடக்கின்றன. அருகிலுள்ள மளிகைக் கடைகளில் வற்றல் மிளகாய் நெடி மூக்கைத் துளைக்கின்றது. தமிழ் இல்லத்தரசியும், மலாய் மூதாட்டியும், சீனச் சமையற்காரரும், தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளியும் ஒரே குவியலிலிருந்து பொறுக்கி எடுக்கின்றனர். காய் ஒன்றே, ஆயினும் ஒருவர் நாவுக்கு இதமான உறைப்பாக இருப்பது மற்றொருவர் நாவுக்குத் தீயாகின்றது.

இந்த எளிய காட்சியினுள் மூன்று வினாக்கள் மறைந்துள்ளன. காரம் என்பது சுவையா, வலியா? வலி எனின் மாந்தன் அதனை ஏன் நாடுகின்றான்? தான் விரும்பி ஏற்கும் வலியைப் பிறர் நாவிலும் இடுவதற்கு அவனுக்கு உரிமை உண்டா? முதல் இரண்டும் அறிவு பற்றிய வினாக்கள். மூன்றாவது அறம் பற்றியது. முன்னவற்றைத் தெளிந்தாலன்றிப் பின்னதற்கு விடை காண்டல் அரிது.

கடல் கடந்து வந்த காய்

மிளகாய் தமிழர்தம் தொன்மையான உணவு என்று கருதுவோர் பலர். உண்மை வேறு. சங்க இலக்கியங்களில் மிளகாய் இல்லை, மிளகே உண்டு. 'கறி' என்னும் சொல் அக்காலத்தில் மிளகையே குறித்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்திருந்த மிளகு மூட்டைகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூறு தருகின்றது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. மெக்சிகோ முதலிய நிலப்பகுதி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனைப் பயிரிட்டு வந்தனர். 1492ஆம் ஆண்டில் கொலம்பசு மேற்கே கடல் கடந்த பின்னரே ஏனைய உலகம் அதனை அறிந்தது. 1498ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டையை அடைந்து, 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியரின் கப்பல் வழியே 16ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவியது. காரத்தால் மிளகை ஒத்த காய் ஆதலின், தமிழர் அதற்கு மிளகு போன்ற காய் எனப் பொருள்படும் பெயரையே சூட்டினர்.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. இராமநாதபுரத்தின் குண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெறும் அளவிற்கு மண்ணோடு ஒன்றிவிட்டது. எனினும் மிளகாய்க் காரம் தமிழர்தம் குருதியில் பிறந்ததன்று, கற்றுக்கொள்ளப்பட்டது. கண்ணகி கோவலனுக்குச் சமைத்திட்ட இறுதி உணவில் மிளகாய் இருந்திருக்க இயலாது. ஆகவே 'காரம் உண்ணாதவன் தமிழனா?' என்று இளையோரை எள்ளுவது வரலாற்றுக்கும் பொருந்தாது, பண்புக்கும் பொருந்தாது. கற்றுக்கொண்ட ஒன்றை, இன்னும் கற்காதவரை இகழ்தற்குக் கருவியாக்குதல் முறையன்று.

சுவையா, வலியா?

கைப்பு, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கார்ப்பு எனச் சுவையை ஆறாக வகுத்தனர் தமிழர். கார்ப்பும் அவற்றுள் ஒன்று. இன்றைய அறிவியல் இதனைச் சற்று வேறுபடுத்திக் காண்கின்றது. மிளகாயின் உறைப்பிற்குக் காரணம் கேப்சைசின் என்னும் பொருள். பலரும் எண்ணுவது போல் அது விதையில் உண்டாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையில் உண்டாகின்றது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியசும் அவர்தம் குழுவினரும் இப்பொருளை உணரும் நரம்பு ஏற்பியைக் கண்டறிந்தனர். அந்த ஏற்பி சுவைக்கென அமைந்ததன்று. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணர்ந்து 'சுடுகின்றது' என்று மூளைக்கு அறிவிக்கும் காவலாளி அது. மிளகாயை உண்ணும்போது தீ இல்லாமலே அக்காவலாளி கூக்குரல் இடுகின்றான். இக்கண்டுபிடிப்பு உள்ளிட்ட ஆய்வுகளுக்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை ஜூலியசு, ஆர்டெம் பட்டாபூட்டியன் என்பவருடன் பகிர்ந்துகொண்டார்.

தமிழ் வழக்கும் இதனைத் தன் போக்கில் உணர்ந்தே இருந்தது. இனிப்பை உண்டவர் 'நாக்கு இனிக்கிறது' என்பர். மிளகாயைக் கடித்தவரோ 'நாக்கு எரிகிறது' என்பர். எரிதல் தீயின் வினை. சுவையின் பட்டியலில் கார்ப்பை வைத்த அதே மக்கள், அதனைப் பேசும்போது தீயின் சொல்லையே எடுத்தாண்டனர். இரண்டும் பொய்யல்ல. நாவில் அது வலி; உள்ளத்தில் அது சுவை. இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவைக் கடப்பதே மாந்தன் நிகழ்த்தும் விந்தை.

பறவைகளுக்கு இவ்விந்தை தேவையில்லை. அவற்றின் ஏற்பி கேப்சைசினுக்கு இசைவதில்லை. ஆதலால் கிளியும் மைனாவும் பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்று விதைகளைத் தொலைவில் பரப்புகின்றன. விதைகளை மென்று அழிக்கும் பாலூட்டிகளையே காரம் விரட்டுகின்றது. மிளகாய்ச் செடி 'என்னைத் தின்னாதே' என்று பாலூட்டிகளுக்கு விடுத்த எச்சரிக்கையை விருந்தழைப்பாக மாற்றிக்கொண்டவன் மாந்தனே.

வலியை நாடும் மனம்

இன்பம், துன்பம் என்னும் இரு தலைவர்களின் ஆட்சிக்கு உட்பட்டவனே மாந்தன் என்றும், ஒன்றை நாடி மற்றொன்றை விலக்குவதே அவன் செயல்களின் அடிப்படை என்றும் 1789ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரெமி பெந்தம் எழுதினார். சிராங்கூன் சாலையில் வாழையிலை முன் அமர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டே மகிழ்ந்து உண்ணும் ஒருவரை அக்கொள்கையைக் கொண்டு விளக்குதல் எளிதன்று. அவர் துன்பத்தை விலக்கவில்லை. துன்பத்தின் உள்ளேயே இன்பத்தைக் காண்கின்றார்.

பென்சில்வேனியப் பல்கலைக்கழக உளவியலறிஞர் பால் ரோசின் இதனை ஆராய்ந்தவர். 'தீங்கற்ற துன்ப நாட்டம்' என்னும் பொருள்படும் பெயரை அவர் இதற்கு இட்டார். உடல் 'ஆபத்து' என்று அலறுகின்றது. அறிவோ 'ஆபத்து இல்லை' என்று அறிந்திருக்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையிலேயே அந்த இன்பம் பிறக்கின்றது. உருண்டோடும் கேளிக்கை வண்டியில் ஏறி அலறுவோர் காண்பதும், துயர நாடகத்தைப் பார்த்து அழுவோர் காண்பதும் இதுவே.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்குங்கால் நகையையும் உவகையையும் மட்டும் கூறவில்லை. அழுகையையும் அச்சத்தையும் உடன் வைத்தது. கோவலன் கொலையுண்ட பகுதியைப் படித்துக் கண் கலங்கும் மாணவன் நூலை மூடி எறிந்துவிடுவதில்லை. மறுபடியும் அப்பக்கத்தையே நாடுகின்றான். அக்கண்ணீர் அவனைச் சிதைப்பதில்லை, ஆழப்படுத்துகின்றது. நூலை எப்போது வேண்டுமானாலும் மூடலாம் என்னும் உரிமை அவன் கையில் இருப்பதே அதற்குக் காரணம்.

விளையாட்டினும் உயர்ந்த நிலையிலும் இதனைக் காணலாம். தைப்பூச நாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தில் புறப்பட்டு, டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை காவடி சுமந்து நடக்கும் அடியார்கள் உடலில் அலகு தரிக்கின்றனர். அதற்குமுன் பல நாள் நோன்பிருந்து உடலையும் உள்ளத்தையும் ஆயத்தம் செய்கின்றனர். உணவின் காரத்தையும் நேர்த்திக்கடனின் அலகையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஒன்று சுவை, மற்றொன்று வழிபாடு. எனினும் இரண்டிற்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. வலியை ஏற்பவர் அறிந்து ஏற்கின்றார், தாமே ஏற்கின்றார், பிறர் எவரும் அதனைத் திணிக்கவில்லை.

ஆகவே, வலி என்பதனாலேயே ஒன்று தீதாகிவிடாது. அறிவு, விருப்பம், நிறுத்தும் உரிமை ஆகிய மூன்றும் உடனிருப்பின் வலியும் வாழ்வின் செழுமைகளுள் ஒன்றாகலாம்.

பந்தயமாகும் காரம்

இம்மூன்றும் தேயத் தொடங்குமிடத்தில் காரம் தன் இயல்பை இழக்கின்றது. 1912ஆம் ஆண்டில் வில்பர் ஸ்கோவில் என்னும் அமெரிக்க மருந்தியலாளர் காரத்தை அளக்க ஒரு முறை கண்டார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் மேலும் மேலும் கரைத்து, உறைப்பு முற்றும் மறையும் அளவைக் கணக்கிடுவது அம்முறை. அளவுகோல் பிறந்தால் போட்டியும் பிறக்கும். 2007ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களில் விளையும் 'பூத் ஜொலோகியா' பத்து இலட்சம் அலகைக் கடந்து உலகச் சாதனை எனப் பதிவு பெற்றது. 2013ஆம் ஆண்டில் 'கரோலினா ரீப்பர்' அதனினும் மேற்சென்றது. 2023ஆம் ஆண்டில் 'பெப்பர் எக்ஸ்' ஏறத்தாழ 26 இலட்சத்து 93 ஆயிரம் அலகைத் தொட்டது.

பூத் ஜொலோகியாவை நெடுங்காலமாக அறிந்த அசாமிய, நாகா மக்கள் அதனை அஞ்சத்தக்க பேயாகக் கருதவில்லை. இறைச்சிக் குழம்பிலும் துவையலிலும் சிறிதளவே சேர்த்து, அதன் மணத்தையும் உறைப்பையும் பகிர்ந்து உண்கின்றனர். அங்கு அது உணவு. பந்தய மேடையிலோ அது படைக்கலம் போல் ஆகின்றது. உண்பவர் சுவையை எண்ணுவதில்லை, தோற்காமல் இருப்பதையே எண்ணுகின்றார். நிறுத்தும் உரிமை பெயரளவில் இருப்பினும், சுற்றி நின்று ஆர்ப்பரிப்போரின் பார்வை அதனைப் பறித்துவிடுகின்றது.

இதன் விலை சில வேளை மிகப் பெரிது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மிகுந்த காரமுடைய ஒரே ஒரு வறுவலை உண்ணும் அறைகூவலை ஏற்ற 14 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மிகுந்த அளவு கேப்சைசின் உட்கொண்ட நிலையில் அவன் இதயம் நின்றுவிட்டது என்றும், அவனுக்கு இதயக் குறைபாடு இருந்தது என்றும் பின்னர் வெளியான உடற்கூறாய்வு முடிவு தெரிவித்தது. அப்பண்டம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அச்சிறுவன் தன் இதயத்தின் நிலையை அறிந்திருந்தானா, தோழர் முன் மறுத்துவிடும் துணிவு அவ்வயதில் எளிதா என்பன எண்ணத்தக்கவை. அறிவும் உரிமையும் அற்ற இடத்தில் விருப்பம் என்னும் சொல் வெறும் ஓசையாகிவிடும்.

பிறர் நாவில் இடும் காரம்

'மிளகாய் தின்றவனே உறைப்பை உணர்வான்' எனப் பொருள்படும் பழமொழி ஒன்று மலாய் மொழியில் உண்டு. 'உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்' என்னும் தமிழ்ப் பழமொழி அதற்கு உடன்பிறப்பு. இரண்டும் நீதியின் குரல்கள். செய்தவனே பயனைத் துய்ப்பான் என்பன. ஆயின் மிளகாயின் வரலாற்றில் இந்நீதி தலைகீழான பக்கங்களும் உள்ளன.

16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் உருவான மெண்டோசா ஏட்டில் ஓர் ஓவியம் காணப்படுகின்றது. தவறு செய்த மகனைத் தந்தை எரியும் மிளகாய்ப் புகையின்மேல் பிடித்திருக்கின்றார். சிறுவன் கண்களிலிருந்து நீர் வழிகின்றது. காயை உலகுக்குத் தந்த மண்ணே அதனைத் தண்டனைக் கருவியாகவும் கண்டிருக்கின்றது. இது தொலைவான கதையன்று. பொய் சொன்ன வாயிலும் தீச்சொல் பேசிய நாவிலும் மிளகாய் தேய்ப்பதாகப் பிள்ளைகளை அச்சுறுத்துதல் தமிழ் இல்லங்களிலும் மலாய் இல்லங்களிலும் அறியாததன்று. அச்சுறுத்தலோடு நில்லாது செய்தோரும் உண்டு. அன்பினால் செய்தோம் என்பர். ஆனால் அப்பிள்ளை அன்று கற்பது உண்மையின் அருமையையன்று. வலியவர் கை எளியவர் வாய்க்குள் நுழையலாம் என்னும் பாடத்தையே.

மிளகாய்ச் சாற்றைப் பீய்ச்சும் காப்புக் குப்பிகள் பல நாட்டுக் காவலர் கைகளில் உள்ளன. பூத் ஜொலோகியாவைக் கொண்டு கண்ணீர்ப்புகை எறிகுண்டு செய்யும் திட்டத்தை 2010ஆம் ஆண்டில் இந்தியப் படைத்துறை அறிவியலாளர் வெளியிட்டனர். உயிரைப் பறிக்கும் குண்டினும் இது மேல் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் பொருளும் உண்டு. எனினும் இங்கு நோக்க வேண்டியது ஒன்றே. வாழையிலையில் கண்ணீர் சொரிவிக்கும் பொருளும் தெருவில் கண்ணீர் சொரிவிக்கும் பொருளும் வேதியியலில் ஒன்று. நரம்பில் எழும் செய்தியும் ஒன்று. ஒன்றை விருந்து என்றும் மற்றொன்றைத் துன்புறுத்தல் என்றும் பிரிப்பது மிளகாயன்று. அதனை இட்ட கை எவருடையது, ஏற்றவர் இசைந்தாரா என்னும் இரண்டுமே பிரிக்கின்றன. அறத்தின் எல்லை பொருளில் இல்லை, உறவில் இருக்கின்றது.

எவர் நா அளவுகோல்?

இங்கு நுண்ணிய இடர் ஒன்று எழுகின்றது. தண்டிப்போரும் பந்தயம் கட்டுவோரும் பிறர்க்கு வலி தருதல் எளிதில் விளங்கும். நல்லெண்ணம் கொண்ட சமையலாளர் தரும் வலியோ எளிதில் விளங்குவதில்லை.

தனக்கு இன்னாதது எது என்று அறிந்தவன் அதனைப் பிறர்க்குச் செய்தல் ஏன் என்று 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில் வள்ளுவர் வினவுகின்றார். தான் விரும்பாததைப் பிறர்க்குச் செய்யாதே என்பது சீனப் பேரறிஞர் கன்பூசியசின் அறிவுரை. சிங்கப்பூரின் இருபெரும் மரபுகள் ஒரே கருத்தில் சந்திக்கின்றன. ஆனால் சமையலறையில் இக்கருத்தை மேலோட்டமாகப் பின்பற்றினால் என்ன நிகழும்? 'இந்தக் காரம் எனக்கு இன்னாததன்று. ஆகவே விருந்தினருக்கும் இன்னாததன்று' என்று சமையலாளர் முடிவு செய்வார். தம் நாவையே அளவுகோலாகக் கொண்டு பிறர் நாவைச் சுடுவார். விருந்தினர் முகம் சிவந்து நீர் தேடும்போது, 'இது ஒரு காரமா?' என்று நகைப்பார். அவருக்குத் தீய எண்ணம் இல்லை. அறநெறியைப் பின்பற்றியதாகவே அவர் கருதுவார். ஆயினும் ஓர் உயிர் துன்புற்றது.

அறநெறி பிழையா? அன்று. அதனைக் கொண்ட முறையே பிழை. வள்ளுவர் அறிந்துகொள்ளச் சொன்னது மிளகாயின் அளவையன்று, இன்னாமையின் இயல்பை. 'எனக்கு எது துன்பம் என்பதை நானே சொல்ல வேண்டும். பிறர் முடிவு செய்தல் ஆகாது' என்று ஒவ்வொருவரும் விரும்புகின்றனர். அவ்விருப்பம் பிறர்க்கும் உண்டு என்று உணர்வதே அக்குறளின் ஆழமான பொருளாகும். தன் நாவின் தாங்குதிறனைப் பிறர்மேல் ஏற்றுதல் அறமன்று. தனக்கு வேண்டும் என்று எண்ணும் உரிமையைப் பிறர்க்கும் வழங்குதலே அறம்.

'விருந்தோம்பல்' அதிகாரம் இதற்கு வழியும் காட்டுகின்றது. மோந்தால் வாடிவிடும் அனிச்ச மலரைக் காட்டி, விருந்தினரோ இல்லத்தார் முகம் சிறிது மாறினாலே வாடிவிடுவர் என்கின்றது அது. முகத்தை முகம் அறியும் நுட்பமே விருந்தின் உயிர். விருந்தினர் முகத்தைச் சமையலாளரும் அவ்வாறே நோக்கினால், கரண்டியின் அளவு தானே அமையும்.

சிங்கப்பூர் தந்த விடை

பல இனத்தவர் ஒரே கூரையின்கீழ் உண்ணும் சிங்கப்பூரில் இவ்வறம் நூலில் மட்டும் இல்லை, உணவிலேயே பதிந்திருக்கின்றது. கேரளத்தைச் சேர்ந்த எம். ஜே. கோமெஸ் என்பவர் 1949ஆம் ஆண்டளவில் சோஃபியா சாலையில் நடத்திய உணவகத்தில், சீனர் விரும்பும் மீன் தலையைத் தென்னிந்தியக் காரக் குழம்பில் இட்டுச் சமைத்ததே இந்நகரின் புகழ்பெற்ற மீன்தலைக் கறியின் தொடக்கம் என்று உணவு வரலாறு கூறும். தம் மக்கள் விரும்பி உண்ணாத ஒரு பகுதியை, அடுத்தவர் விருப்பத்தை எண்ணி அவர் அடுப்பிலேற்றினார். பிற்காலத்தில் 1969இல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்பல்லோவும் அதனை ரேஸ்கோர்ஸ் சாலையின் அடையாளமாக்கின. சீனச் சமையலாளரும் தம் முறைக்கேற்பத் திருத்திச் சமைக்கலாயினர். 1956ஆம் ஆண்டில் செர் யம் தியன் என்னும் சீன அம்மையார் நண்டைத் தக்காளிச் சாறோடும் மிளகாய்ச் சாறோடும் சேர்த்து வதக்கிக் கல்லாங் ஆற்றங்கரையில் தள்ளுவண்டியில் விற்றார். அந்த மிளகாய் நண்டின் காரம் இனிப்போடு கலந்தது. அஞ்சுவோரையும் அருகே அழைப்பது.

உணவங்காடி நிலையங்களில் இவ்வறம் இன்னும் எளிய வடிவில் காணப்படுகின்றது. கோழிச் சோற்றின் அருகே மிளகாய்ச் சாறு தனிக் கிண்ணத்தில் நிற்கின்றது. நாசி லெமாக்கின் சம்பல் சோற்றோடு கலவாமல் ஒரு மூலையில் இருக்கின்றது. எவ்வளவு தொடுவது என்பது உண்பவர் உரிமை. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் நோக்கிக் கடைக்காரர் கரண்டியை ஓங்கியபடியே கேட்கின்றார்: 'காரம் வேண்டுமா?' ஒரு நாளில் சில நூறு முறை கேட்கப்படும் இவ்வினாவை எவரும் தத்துவம் என்று கருதுவதில்லை. ஆயினும் பிறர் நாவை எண்ணி வினவப்படும் அவ்வொரு வினாவிற்குள் 'இன்னா செய்யாமை' முழுவதும் அடங்கியிருக்கின்றது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ மாந்தகுல மரபுடைமையாக ஏற்றுக்கொண்டது. அம்மரபுடைமையில் உணவுவகைகளோடு இவ்வினாவையும் சேர்த்து எண்ணுதல் தகும்.

தமிழில் 'கேட்டல்' என்னும் ஒரு சொல்லே வினவுதலையும் செவிமடுத்தலையும் ஒருங்கே உணர்த்தும். வினவிவிட்டு விடையைச் செவிமடுக்காமல் மிளகாயை அள்ளி இடுபவர் பாதியே கேட்டவர் ஆவார்.

தமிழில்லத்துச் சமையலிலும் இக்கேட்டல் சொல்லின்றி நிகழ்ந்து வந்துள்ளது. குழம்பில் மிளகாய்த்தூள் சேர்க்குமுன் வெந்த பருப்பில் ஒரு கரண்டியைப் பிள்ளைக்கென எடுத்துவைக்கும் தாய், பேசத் தெரியாத நாவின் விடையைக் கேட்டவள். பச்சை மிளகாயை மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி மோர்மிளகாய் ஆக்கும் பாட்டி, தீயைத் தணித்துச் சுவையை மட்டும் நிறுத்தும் கலையை அறிந்தவள். வாழையிலை விருந்து தயிர்ச்சோற்றில் முடிவதும் இத்தகைய பரிவே. கேப்சைசின் நீரில் கரைவதில்லை. பாலின் புரதமும் கொழுப்புமே அதனை நாவினின்று விடுவிக்கின்றன. எரித்த இலையே ஆற்றியும் அனுப்புகின்றது. ஆற்றும் வழியை ஆயத்தம் செய்யாமல் எரியூட்டுதல் விருந்தாகாது.

கற்பிப்போர்க்கு ஒரு சொல்

மெக்சிகோவின் ஒவஹாகா மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகள் காரத்தைப் பழகும் முறையை ரோசின் நேரில் ஆராய்ந்தார். அங்கு எவரும் பிள்ளைகளை வற்புறுத்தவில்லை, பரிசும் தரவில்லை. பெரியோர் சுற்றமாக அமர்ந்து மகிழ்ந்து உண்பதைப் பிள்ளைகள் கண்டனர். சிறிது சிறிதாகச் சுவைத்தனர். ஒரு நாள் தாமே கைநீட்டி எடுத்தனர். வலி இன்பமாக மாறியது கட்டாயத்தாலன்று; உடனிருந்தோரின் மகிழ்ச்சியால்.

மொழி கற்பித்தலும் ஒருவகைச் சமையலே. சங்கப் பாடலின் அருஞ்சொல்லும், இலக்கணத்தின் நுண்விதியும் இளம் மாணவன் நாவில் முதலில் எரியவே செய்யும். 'இதுகூடத் தெரியாதா?' என்று நகைக்கும் ஆசிரியர், விருந்தினர் கண்ணீரைக் கண்டு நகைக்கும் சமையலாளரை ஒப்பர். எரியும் என்று அஞ்சி அருஞ்சுவை அனைத்தையும் நீக்கிவிட்டு வெறுஞ்சோற்றை மட்டும் படைக்கும் ஆசிரியரோ மாணவனை என்றும் குழந்தையாகவே வைத்திருப்பவர். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நெறி உண்டு. தாம் சுவைத்து மகிழ்வதை மாணவன் காணச் செய்தல், சிறிது அளந்து இடுதல், முகத்தை நோக்குதல், போதும் என்றால் நிறுத்துதல், மறுநாள் மீண்டும் இலை விரித்தல்.

காரம் இல்லாத வாழ்வு எவர்க்கும் இல்லை. தனக்கென அதனை எவ்வளவு ஏற்பது என்பது அவரவர் துணிவைப் பொறுத்தது. பிறர்க்கு எவ்வளவு இடுவது என்பதோ அவரவர் அறத்தைப் பொறுத்தது. துணிவை அளக்க ஸ்கோவிலின் அலகுகள் இருக்கலாம். அறத்தை அளக்க, கரண்டியைச் சற்றே நிறுத்தி எதிரில் இருப்பவர் முகம் நோக்கிக் கேட்கும் அச்சிறு வினாவே போதும்.